உங்களுக்கு நீங்களே ஜாமீன்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, பணிக்காலத்தின் பெரும்பகுதியை வங்கியின் கடன் பிரிவில் கழித்தவன் நான். எனவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றியே இந்த மேடையில் பேச விரும்புகிறேன். வேலையில் சேர்ந்து சம்பளக் கணக்கு தொடங்கிய சில வாரங்களில் உங்களுக்கு ஓர் அழைப்பு வரும். "சார், உங்களுக்கு லைஃப் டைம் ஃப்ரீ கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு" என்பார்கள். அந்த அழைப்புக்கு நீங்கள் சொல்லும் பதிலும், அதன் பிறகு அந்தக் கார்டை நடத்தும் விதமும், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உங்கள் வீட்டுக் கணக்கில் எதிரொலிக்கும்.

உங்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உங்கள் பெற்றோர் வங்கிக்குக் கடன் கேட்டுப் போன காலத்தில் அவர்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "ஜாமீன் யார்?" என்பதுதான். நிலப் பத்திரம் இருக்கிறதா, அரசு உத்தியோகத்தில் உள்ள உறவினர் யாராவது கையெழுத்துப் போடுவாரா, அடகு வைக்க நகை இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். மூன்றும் இல்லாதவர் மீட்டர் வட்டிக்கும் கந்து வட்டிக்கும் போனார். அந்தக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கடன் கிடைக்காமல் திரும்பிய அந்த மனிதர் பெரும்பாலும் நாணயமானவர். மாதம் பிறந்தால் பாக்கியைத் தீர்த்துவிடுவார் என்று மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். ஒரு தவணைகூடத் தவறமாட்டார் என்று சீட்டு பிடிக்கும் அக்காவுக்குத் தெரியும். வங்கிக்கு மட்டும் அது தெரிய வழியே இல்லாமல் இருந்தது.

அந்த வழி இப்போது இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டம் 2005-இல் வந்தது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கின்றன. அதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல மதிப்பெண் என்று வங்கிகள் கருதுகின்றன.

அந்த மதிப்பெண் எதைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்பா யார், எந்தத் தெரு, எவ்வளவு நிலம் என்று அது கேட்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்பதைக்கூட அது கணக்கில் எடுப்பதில்லை. வாங்கியதைச் சொன்ன தேதியில் கட்டினீர்களா என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. பரம்பரைச் சொத்து எதுவும் இல்லாத பிள்ளை, யார் வீட்டு வாசலிலும் நின்று கையெழுத்துக் கேட்காமல், தன் நடத்தையைக் கொண்டு மட்டுமே தனக்குத் தானே ஜாமீனாக நிற்க முடிகிற ஏற்பாடு இது. இதை நான் மிகப் பெரிய வாய்ப்பாகப் பார்க்கிறேன். இன்று நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

முதலில் ஒரு விஷயம். உங்களில் கணிசமானோருக்குக் கடன் வரலாறு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்கள் அனைவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள். படிப்பு முடிந்து வழக்கமாக ஓராண்டு வரை தவணை தொடங்காது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வட்டி மானியம் பெற்றவர்களுக்கும் அந்தச் சலுகை இந்த அவகாசத்தோடு முடிந்துவிடும். அந்தக் கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

குமாரபாளையம் பக்கம் ஒரு கிளையில் நான் இருந்தபோது, விசைத்தறி வைத்திருந்த ஒருவர் இன்னொரு தறி வாங்கக் கடன் கேட்டு வந்தார். ஒழுக்கமான மனிதர், வரவு செலவும் சரியாக இருந்தது. கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் அதலபாதாளத்தில் கிடக்கிறது. காரணம், பெங்களூரில் வேலை பார்த்த மகனின் கல்விக்கடன். முகவரி மாறியதால் வங்கியின் கடிதங்கள் மகனுக்குப் போய்ச் சேரவில்லை. மகனும் விசாரிக்கவில்லை. அறிக்கையில் இருந்த அந்தக் கணக்கை விரல் வைத்துக் காட்டினேன். "பையன் கட்டிக்கிட்டு இருப்பான்னுல்ல சார் நெனச்சேன்" என்றார் அவர். மகன் நிலுவையைக் கட்டி முடித்த பிறகும், அந்தப் பதிவின் பாதிப்பு குறைந்து தறி வருவதற்கு நீண்ட காலம் ஆனது. பிள்ளைகளே, அவகாசக் காலம் முடியும் தேதியை இந்த வாரமே வங்கிக்குப் போய்க் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் தவணை தொடங்குவதற்கு முன்பே வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவரின் பெயரைக் காப்பது உங்கள் முதல் கடமை.

இனி கிரெடிட் கார்டுக்கு வருகிறேன். கல்விக்கடனோ வேறு கடனோ இல்லாதவருக்குப் பதிவேட்டில் வரலாறே இருக்காது. அப்படிப் புதிதாக வருபவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே ஒரு சாதாரணக் கார்டு கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கையில் சேர்ந்த பணத்தை எஃப்.டி.யில் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கலாம். வைப்புத்தொகைக்கு வட்டியும் வரும், கார்டு வழியாக வரலாறும் சேரும். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும். பார்ப்பவருக்கு நீங்கள் பண நெருக்கடியில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையாது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி.

கார்டு எப்படி இயங்குகிறது என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். உங்கள் பில் மாதந்தோறும் 10-ஆம் தேதி போடப்படுகிறது, கட்டக் கடைசி நாள் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 11-ஆம் தேதி வாங்கிய பொருள் ஜூன் 10-ஆம் தேதி பில்லில் வரும். அதற்கு ஜூன் 28-ஆம் தேதி பணம் கட்டினால் போதும். 48 நாட்களுக்கு ஒரு பைசா வட்டி இல்லை. அதே பொருளை ஜூன் 9-ஆம் தேதி வாங்கியிருந்தால் 19 நாள் அவகாசம்தான். அடுத்தவர் பணத்தை வட்டியில்லாமல் இத்தனை நாள் பயன்படுத்தும் வசதி நியாயமானதுதான், நல்லதுதான். ஆனால் அது முழு பில்லையும் கட்டுபவருக்கு மட்டுமே உரியது.

பில் வந்ததும் அதில் இரண்டு தொகைகள் அருகருகே இருக்கும். ஒன்று 'டோட்டல் அமவுண்ட் டியூ', மற்றொன்று 'மினிமம் அமவுண்ட் டியூ'. 30,000 ரூபாய் பில்லுக்கு மினிமம் 1,500 ரூபாய் என்று இருக்கும். 1,500 கட்டினால் இந்த மாதம் பிரச்சினை இல்லை என்று மனசு சொல்லும். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மீதி 28,500. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 997 ரூபாய் 50 காசு. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 1,177 ரூபாய். அடுத்த மாதம் புதிதாக எதுவுமே வாங்காவிட்டாலும் பாக்கி 29,677. நீங்கள் கட்டியது 1,500 ரூபாய், கடனில் குறைந்தது 323 ரூபாய். உண்மையான பில்லில் வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும். அத்துடன் பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். இந்த வட்டிக்கு உச்சவரம்பு ஏதாவது இருக்கும் என்று நம்பியும் இருக்காதீர்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே காவல் உங்கள் கையில்தான் இருக்கிறது. கார்டு கையில் கிடைத்த அன்றே வங்கியின் ஆப்பில் ஆட்டோ பே வசதியைத் தேர்ந்தெடுங்கள். அதில் முழுத்தொகையா, மினிமமா என்று கேட்கும். முழுத்தொகை என்று வையுங்கள். பத்து வினாடி மட்டுமே எடுக்கும் இந்தத் தேர்வை எத்தனையோ பேர் கவனிக்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கார்டில் ஏ.டி.எம். வழியாகப் பணம் எடுக்காதீர்கள். அதற்கு வட்டியில்லா நாள் என்று ஒன்று கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதன்மேல் தனிக் கட்டணம். ஒரு லட்சம் லிமிட் கொடுத்திருந்தால் 30,000-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். லிமிட்டை முழுக்கத் தொட்டு நிற்பவரின் மதிப்பெண் குறையும். லிமிட் என்பது வங்கி உங்களுக்குக் கொடுத்த சம்பள உயர்வு ஆகிவிடாது. கையில் பணம் இருந்தால் எதை வாங்கியிருப்பீர்களோ, அதை மட்டும் கார்டில் வாங்குங்கள். பெட்ரோல், மின்கட்டணம், கைப்பேசி ரீசார்ஜ் என்று மாதாமாதம் எப்படியும் ஆகும் இரண்டு மூன்று செலவுகள் போதும். நல்ல வரலாறு சேர அதற்கு மேல் தேவையில்லை. இப்போது ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து டீக்கடையில்கூட ஸ்கேன் செய்யலாம். வசதிதான். ஆனால் சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறதா, கடனிலிருந்து போகிறதா என்ற உணர்வு அந்த ஒரு ஸ்கேனில் மங்கிவிடும். ஸ்கேன் செய்யும் முன் எந்தக் கணக்கு என்று பாருங்கள். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று அழைக்கும் ஆப்களில் எடுப்பதும் கடன்தான். அதுவும் உங்கள் அறிக்கையில் ஏறும்.

அடுத்து நான் சொல்வது கணக்குப் பாடத்தைவிடக் கடினமானது. உங்களுக்குக் கார்டு வந்தது தெரிந்ததும் ஒரு நண்பன் வருவான். "மச்சி, உன் கார்டுல ஒரு போன் எடுத்துக் குடுடா, மாசம் மாசம் ஜி பே பண்ணிடுறேன்" என்பான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் வங்கிக்கு அவன் யாரென்றே தெரியாது. மூன்றாவது மாதம் அவனுக்கு வேலை போனால் கடன் உங்களுடையது, தாமதக் கட்டணம் உங்களுடையது, கெட்டுப்போகும் பெயரும் உங்களுடையது. உங்களால் அந்தத் தொகையைத் திருப்பி வாங்காமலே விட்டுவிட முடியும் என்றால் உதவுங்கள். முடியாது என்றால் மறுத்துவிடுங்கள். கேட்ட அன்றைக்கு "முடியாதுடா" என்று சொன்னவர்களின் நட்பு நீடித்ததைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.

உங்களில் பலர் வங்கித் தேர்வுகளுக்குத் தயாராகி வருகிறீர்கள் என்று அறிகிறேன். பொதுத்துறை வங்கிகளின் பணி அறிவிப்புகளை முழுவதும் படியுங்கள். கடன் வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்ற விதி அவற்றில் இடம்பெறுகிறது. கடன் வரலாறு மோசமாக இருந்ததால் ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மக்கள் பணத்தைக் கையாளும் வேலைக்கு நிதி ஒழுக்கம் அவசியம் என்று சொல்லி 2025-இல் நீதிமன்றம் வங்கியின் முடிவை உறுதி செய்தது. இரவு பகலாகப் படித்து எழுதிய தேர்வின் பலன், கட்டாமல் விட்ட சில தவணைகளால் போய்விடக் கூடாது.

அதேபோல் நல்ல வரலாற்றின் பலனும் கையில் எண்ணிப் பார்க்கக் கூடியது. பல வங்கிகள் இன்று மதிப்பெண்ணைப் பார்த்தே வீட்டுக்கடனுக்கு வட்டி வைக்கின்றன. 25 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு இருவர் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வட்டி 8.5 சதவீதம், இன்னொருவருக்கு 9 சதவீதம். மாதத் தவணையில் வித்தியாசம் சுமார் 800 ரூபாய். இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 1,90,000 ரூபாய்.

மாணவியர்க்குத் தனியாக ஒரு வார்த்தை. கணவர் பெயரிலும் அண்ணன் பெயரிலும் எல்லாம் இருந்து, தன் பெயரில் ஒரு பதிவும் இல்லாத பெண்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கடை வைக்க வேண்டிய நாளில், குழந்தையோடு தனியாக நிற்க நேர்ந்த நாளில், நாற்பது வயதில் முதல் வரியிலிருந்து தொடங்கினார்கள். உங்கள் சம்பளம் உங்கள் கணக்கில் வரட்டும். உங்கள் கார்டு உங்கள் பெயரில் இருக்கட்டும். பின் நம்பரும் ஓ.டி.பி.யும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். திருமணத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வேலை போகலாம், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகலாம். அப்போது ஒளிந்துகொள்ளாதீர்கள். வங்கிக்காரரின் அழைப்பை எடுக்காமல் இருப்பதுதான் நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. தவணை தவறுவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். பாக்கியைத் தவணைகளாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கான வட்டி கார்டு வட்டியைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஒரு கார்டின் பாக்கியை அடைக்க இன்னொரு கார்டு வாங்காதீர்கள். "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்று சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அப்படி முடித்த கணக்கு அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். முழுவதும் கட்டி முடித்தது ஆகாது. அந்தப் பதிவு பல ஆண்டுகள் உங்களைப் பின்தொடரும். முழுத்தொகையையும் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்குங்கள். வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்போ, மாலை 7 மணிக்குப் பின்போ உங்களை அழைக்கக் கூடாது. மிரட்டவும் அவமானப்படுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை. கடன்பட்டவர் குற்றவாளி அல்லர். இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்காக உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணும் நிலைக்கு யாரும் போகக் கூடாது. பக்கத்தில் ஒருவர் அப்படித் தவித்தால் அவரோடு வங்கிக்குத் துணையாகப் போங்கள்.

உங்கள் உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதிகள் சொல்கின்றன. பாக்கியில்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அறிக்கையில் தவறு இருந்து, முறையிட்ட 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. உங்கள் புகாருக்கு வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. லிமிட் கூட்டித் தருகிறேன் என்று ஓ.டி.பி. கேட்பவர் எவராக இருந்தாலும் திருடர்தான். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் கார்டை முடக்கிவிட்டு, உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அன்பு மாணவ மாணவியரே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடன் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். அப்பாவின் அறிக்கையையும் அம்மாவின் அறிக்கையையும் எடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, வரிவரியாகப் படித்துச் சொல்லுங்கள். நுண்நிதிக் குழுவில் அம்மா வாங்கிய கடன் இருக்கும், அப்பா என்றோ கட்டி முடித்த வண்டிக்கடன் இன்னும் பாக்கி என்று தவறாக நிற்கலாம். அதைத் திருத்த மனு எழுதிக் கொடுங்கள். கல்லூரியில் படித்ததன் முதல் பயன் உங்கள் வீட்டுக்கே கிடைக்கட்டும். பிறகு தெருவில் உள்ளவர்களுக்கும், உங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டி கேட்பவனிடம் போய் நிற்கும் நிலை நம் ஊரில் ஒருவருக்கும் வரக்கூடாது என்றால், நாணயமாக வாழும் எளிய மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் வங்கிக்குத் தெரிய வேண்டும். அந்த வேலையைச் செய்யப் படித்தவர்களான உங்களை விட்டால் வேறு ஆளில்லை.

உழைத்துச் சம்பாதியுங்கள். தேவைக்கு வாங்குங்கள். சொன்ன தேதியில் கட்டுங்கள். வளமும் நலமும் பெற்று, பெற்றோர்க்கும் இக்கல்லூரிக்கும் பெருமை சேர்த்து நீடு வாழ வாழ்த்தி விடைபெறுகிறேன்.